மண்டலம் மாமாவின் முப்பத்தோராம் நாள்

உலகத்தில் எவ்வளவு பெரிய கேள்வியாக இருந்தாலும் நாற்பத்தெட்டு நாளில் விடை கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பியவர் நானறிந்து ஒருவர்தான். கடவுள் உண்டா இல்லையா என்று கேட்டிருந்தால்கூட, "ஒரு மண்டலம் பாத்துடுவோம்" என்று சொல்லிவிட்டு மறுநாளே ஆரம்பித்திருப்பார். அதனால் அவருக்குப் பெயரே மண்டலம். அப்பா அம்மா வைத்த பெயர் கம்பெனி ரிஜிஸ்டரில் மட்டும் பத்திரமாக இருந்தது.

சிதம்பரத்திலிருந்து குடிகாட்டுப் பக்கம் இருந்த ஒரு கெமிக்கல் கம்பெனிக்கு நாங்கள் தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வருவோம். அவர் லேபில், நான் டெஸ்பாட்சில். அவர் சாம்பிளைப் பார்த்து 'பாஸ்' என்று கையெழுத்துப் போட்டால்தான் என் லாரி கேட்டைத் தாண்டும். எங்களுக்குள் சொந்தமெல்லாம் கிடையாது. பக்கத்துப் பக்கத்து சீட் என்பதால் அவர் எனக்கு மாமா, நான் அவருக்கு மச்சான், அவர் மனைவி விஜயா எனக்கு அக்கா.

லேபில் பேட்ச் பேட்ச்சாகச் சரக்கைச் சோதிப்பவர், வீட்டுக்கு வந்தால் தன்னையே சோதிப்பார். சோப்பு அவசியமா என்று பார்க்க ஒரு மண்டலம் சோப்பில்லாமல் குளித்தார். அது சித்திரையும் வைகாசியும். பக்கத்து சீட்டுக்காரனாகிய நான் அந்த நாற்பத்தெட்டு நாளும் தலையை ஜன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டு பயணம் செய்தேன். இன்னொரு மண்டலம் இடது கையால் மட்டும் எழுதினார். அது கையெழுத்தா, பேனா எழுதுகிறதா என்று யாரோ கிறுக்கிப் பார்த்ததா என்று புரியாமல் வாட்ச்மேன் என் லாரியை மத்தியானம் வரை நிறுத்தி வைத்துவிட்டார். யாரையும் 'நீ' என்று சொல்லாமல் ஒரு மண்டலம் ஓட்டினார். பஸ்ஸுக்குக் குறுக்கே வந்த ஆட்டைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றதை என் இரண்டு காதாலும் கேட்டேன்.

பாட்டிலில் ஒட்டும் வெள்ளை லேபிளில் அன்றைக்கு எத்தனையாவது நாள் என்று எழுதித் தன் பையில் ஒட்டிக்கொள்வார். காலையில் அந்த நம்பரைப் பார்த்துத்தான் பஸ்ஸில் பாதிப் பேருக்குப் பொழுது விடியும். எத்தனையோ மண்டலம் பார்த்தவர், ஒன்றைக்கூட நடுவில் விட்டதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூட லீவு லெட்டரை இடது கையால்தான் எழுதி அனுப்பினார். எனக்கு ஒரு வாரம் வாக்கிங் போகவே துப்பில்லை. அதனால் அவரைக் கிண்டல் செய்துகொண்டே உள்ளுக்குள் கும்பிடு போட்டிருக்கிறேன்.

இரண்டாயிரத்து ஒன்பதில் பஸ்ஸில் ஒரு சண்டை வந்தது. சர்க்கரையைச் சில வாரம் விட்டால் உடம்புக்கு நல்லதா, சும்மா பேஷனா என்று. தொப்பை போய்விடும் என்றார் ஒருவர். மயக்கம் வந்து விழுந்துவிடுவாய் என்றார் இன்னொருவர். முடி வளரும் என்றார் வழுக்கைத் தலை ஒருவர்.

"எதுக்கு இந்த வாய்ச்சண்ட?" என்றார் மாமா. "நாளையிலேருந்து ஒரு மண்டலம். சக்கர, வெல்லம், தேன், பிஸ்கட், கலர் சோடா எதுவும் கெடையாது. பாத்துட்டுச் சொல்றேன்."

மறுநாள் கம்பெனிக்கு எதிர் டீக்கடையில் வம்பு ஆரம்பித்தது.

"மாஸ்டர், எனக்குச் சக்கர இல்லாம."

மாஸ்டர் கையில் இருந்த டீ அப்படியே நின்றது. "ஐயோ. சாருக்கு எப்பலேருந்து?"

"இன்னையிலேருந்து."

"எவ்ளோ இருக்கு?"

"எது?"

"சக்கர சார்."

"எனக்குச் சக்கர இல்லப்பா!"

"அப்ப போட்டுடவா?"

தமிழில் சர்க்கரைக்கும் சர்க்கரை வியாதிக்கும் ஒரே வார்த்தையை வைத்தவன் மட்டும் கையில் கிடைத்திருந்தால், மாமா அவனை டெஸ்ட் ட்யூபில் போட்டுக் காய்ச்சியிருப்பார். அந்த வாரக் கடைசிக்குள் மண்டலத்துக்குச் சர்க்கரை என்று மூன்று ஷிப்டுக்கும் தெரிந்துவிட்டது. ஒருவர் நாவல் கொட்டைப் பொடி கொண்டுவந்தார். ஒருவர் சீட்டில் பாகற்காய்ப் பை வைத்துவிட்டுப் போனார். தனக்கு ஒன்றுமில்லை என்று நிரூபிக்க அவர் ஒரு ரத்தம் சோதிக்கும் மெஷினே வாங்கினார். மெஷின் வைத்திருக்கிறார் என்றதும் மிச்சம் இருந்தவர்களும் நம்பிவிட்டார்கள்.

முதல் வாரம் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. தலைவலி. எரிச்சல். காலி பீக்கரைப் பார்த்து, "இன்னாடா முறைக்கிற?" என்று கத்தியதாக லேப் அட்டெண்டர் வந்து சொன்னார். ஓட்டலில் சப்ளையரைக் கூப்பிட்டு, "சாம்பார்ல வெல்லம் போட்டீங்களா?" என்று குறுக்கு விசாரணை செய்தார். சமையல்காரர் வெளியே வந்து, "சுண்டக்கா அளவு சார்" என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் இலையை மூடினார். இரண்டாம் வாரம் கனவில் ஜாங்கிரி வந்ததாம். "தின்னீங்களா மாமா?" என்று கேட்டேன். "கனவுலயும் வேணாம்னுட்டேன்" என்றார். பொய் சொல்கிற ஆள் இல்லை.

இருபதாம் நாள் பஸ்ஸில் ஏறியவர் முகத்தில் ஒரு வெளிச்சம். பையிலிருந்து பச்சை வெங்காயத்தை எடுத்து என் வாயில் திணித்தார்.

"மென்னு பாரு மச்சான். இனிக்குதா?"

"எரியுது மாமா!"

"எனக்கு இனிக்குது. பால் இனிக்குது. கேரட் இனிக்குது. இத்தினி நாளா சக்கரையப் போட்டு எல்லாத்தயும் மூடி வச்சிருந்தோம்டா!"

அவர் சந்தோஷத்தில் குறை சொல்ல முடியாது. நான்தான் கம்பெனி கேட் வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.

இதற்கு நடுவில்தான் அவர் மகள் அனுவின் கல்யாணப் பேச்சு. பி.எட். படிக்கும்போது கூடப் படித்த பையன், சொந்த ஊர் புவனகிரி. இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், ஒளிக்காமல் இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். பையன் வீட்டார் வந்து பெண் பார்த்துப் போயாகிவிட்டது. இனி நாம் போய் மாப்பிள்ளை வீடு பார்க்க வேண்டும். அங்கே வைக்கிற இனிப்பை எடுத்துச் சாப்பிட்டால் சம்மதம். தொடாமல் எழுந்தால் இடம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். போகிற நாளோ மாமாவின் முப்பத்தோராம் நாள்.

"அப்பா, அங்க போயி எந்தச் சோதனையும் பண்ணிடாதீங்க. எனக்கு இந்த எடம்தாம்ப்பா வேணும்" என்றாள் அனு. சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரு ஸ்பூன் தின்னா உசுரா போயிடும்?" என்றார் விஜயா அக்கா.

"முப்பது நாள் போயிடும்" என்றார் மாமா.

மாமா, அக்கா, அக்காவின் அண்ணன் என்று மூன்று பேராகப் போகக்கூடாது என்பதால் நான்காவது தலையாக என்னைச் சேர்த்தார்கள். கார் கிளம்பும் முன் அக்கா என் காதில் சொன்னார்: "தம்பி, நீங்க அவர் பக்கத்துல ஒக்காந்து அவர் தட்டயும் சேத்து காலி பண்ணிடுங்க. குடும்ப மானம் ஒங்க வயித்துலதான் இருக்கு."

மாப்பிள்ளையின் அப்பா புவனகிரியில் உரக்கடை வைத்திருந்தார். தூண் மாதிரி ஆள். உர மூட்டையை ஒற்றை ஆளாக இறக்குவேன் என்று சொல்லிக்கொண்டே ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். மழை பற்றிப் பேசிவிட்டு இன்னொரு சொம்பு குடித்தார். கேசரி வந்தது. நெய் மினுங்கியது. நான் என்னுடையதை முடித்து, யாரும் பார்க்காத நேரத்தில் மாமாவின் தட்டோடு மாற்றி, அதையும் முடித்தேன்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மாமாவின் காலித் தட்டைப் பார்த்ததும் பூரிப்புத் தாங்கவில்லை. "சாருக்கு நம்ம கேசரி ரொம்பப் புடிச்சிருக்கு!" என்று பெரிய கரண்டியால் இன்னொரு குவியல் வைத்தார். அதையும் நான் சாப்பிட்டேன். மறுபடி வைத்தார். நாலாவது தட்டை என் பக்கம் இழுக்கும்போது பார்த்துவிட்டார்.

"ஏங்க, சார் சாப்புடலியா? அவுங்களுக்கு எங்க வீடு புடிக்கலயா?"

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் தின்ற மூன்று தட்டுக் கேசரியும் தொண்டைக்கு வந்தது.

"அய்யய்யோ, அதில்லம்மா. நான் சக்கரைய விட்டுட்டேன்" என்றார் மாமா.

"சக்கர இருக்குதா?" அந்த அம்மாள் குரல் மாறிவிட்டது. "அப்ப பொண்ணுக்கு? அது குடும்பத்துல வருமே?"

"எனக்குச் சக்கர இல்லம்மா!"

"இல்லாதவுங்க எதுக்கு விடணும்?"

நியாயமான கேள்வி. மாமா மண்டலக் கதையைச் சொன்னார். யாரும் நம்பவில்லை. பையைத் திறந்து மெஷினை எடுத்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். மாமா தன் விரலைக் குத்தி ஒரு சொட்டு வைத்தார். தொண்ணூற்றாறு.

"மெஷினு சரியா காட்டுதான்னு எப்பிடித் தெரியும்?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

வேறு யாராவது இப்படிக் கேட்டிருந்தால் கோபம் வரும். மாமாவுக்கோ லேப் கேள்வி கேட்ட ஆளைப் பார்த்த சந்தோஷம். "கரெக்டும்மா! ஒரு சாம்பிள வச்சு முடிவு பண்ணக்கூடாது. இன்னொரு சாம்பிள் வேணும்."

"என் வெரல குத்துங்க சார்" என்று உரக்கடைக்காரர் சிரித்தபடி கையை நீட்டினார். "நான் ஆஸ்பத்திரி வாசலே மிதிச்சதில்ல."

மாமா புது ஊசி மாற்றிக் குத்தினார். மெஷின் கொஞ்சம் யோசித்துவிட்டு நம்பரைக் காட்டியது. மாமா அதை வெளியே சொல்லவில்லை. இன்னொரு விரலில் குத்திப் பார்த்தார். எட்டிப் பார்த்த அக்காவின் அண்ணன்தான் படித்துவிட்டார்: "முன்னூத்திப் பன்னெண்டு!"

மூன்றாவது சொம்பை எடுக்கப்போன கை அப்படியே நின்றது. மாப்பிள்ளையின் அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே கதவுப் பக்கம் நின்றிருந்த பையன் முகத்தில் ரத்தம் இல்லை.

"சத்தியமா எங்களுக்குத் தெரியாதுங்க" என்றார் உரக்கடைக்காரர். அந்தப் பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வந்தது. "மறைக்கலீங்க."

அக்காவின் அண்ணன் தொண்டையைச் செருமினார். "அப்ப நாங்க வீட்டுக்குப் போயி கலந்து பேசிட்டு..."

இந்த வாக்கியத்தை யாரும் முழுசாகச் சொல்வதில்லை. சொல்லத் தேவையுமில்லை. வீட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு அனு உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தேன். கேசரியின் இனிப்பெல்லாம் எனக்குக் கசந்தது.

மாமா தன் பையைப் பார்த்தார். லேபிளில் முப்பத்தொன்று என்று இருந்தது. பிறகு என் கையிலிருந்த நாலாவது தட்டை வாங்கினார். ஸ்பூனைக்கூடத் தேடவில்லை. கையாலேயே ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார். மென்றார். விழுங்கினார். இன்னொரு வாயும் போட்டுக்கொண்டார்.

"கேசரி பிரமாதம், சம்பந்தி" என்றார்.

அதுவரை எல்லோரும் ஜாக்கிரதையாக 'சார்' 'சார்' என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். 'சம்பந்தி' என்று அந்தக் கூடத்தில் சொன்ன முதல் ஆள் அவர்தான். உரக்கடைக்காரர் எழுந்துவந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மாமாவின் கையெல்லாம் நெய்.

"என் மண்டலம் போச்சு" என்றார் மாமா. "நாளைக்கு எனக்கு ஒண்ணாம் நாள். ஒங்களுக்கும் ஒண்ணாம் நாள். ஆனா காலைல மொதல்ல டாக்டர். மாத்திர குடுத்தா போட்டே ஆவணும். சக்கரைய விடுறது அதுக்கு மேல நம்ம வேல." பையிலிருந்து லேபிளை உரித்தார். புதிதாக இரண்டு லேபிள் எடுத்து, இரண்டிலும் 1 என்று எழுதி, ஒன்றை உரக்கடைக்காரர் சட்டைப் பையில் ஒட்டிவிட்டார்.

திரும்பும்போது காரில் அக்கா அனுவோடு போனில் பேசிச் சிரித்து அழுதுகொண்டிருந்தார். நான் மெல்லக் கேட்டேன்: "ஒடச்சிட்டீங்களே மாமா. ஒரு மண்டலம்கூட ஒடச்சதில்லயே நீங்க."

"முப்பத்தோரு நாள்தானே மச்சான். புள்ளைங்க எத்தினி வருஷம் வாழப்போவுதுங்க?" என்றார். வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும், "ஆனா கேசரில சக்கர ஜாஸ்தி" என்றார்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் பஸ் கிளம்பியதும் மாமாவின் போன் அடிக்கும். ஏழாம் நாள் என்றால் "ஏழு" என்பார் மாமா. அந்தப் பக்கம் சம்பந்தியும் "ஏழு" என்பார். வைத்துவிடுவார்கள். நாற்பத்தெட்டு நாளும் அவ்வளவுதான் பேச்சு. கடைசி நாள் பஸ்ஸில் எழுந்து நின்று முடிவு சொன்னார்: "பெல்ட்டு ஒரு ஓட்ட உள்ள போயிருக்கு. மத்தியானத் தூக்கம் போயிடுச்சு. வெங்காயம் இனிக்குது. முட்டி வலி அப்பிடியே இருக்கு. முடி வளரல." வழுக்கைத் தலைக்காரர் முகம் தொங்கிப்போனது.

"சம்பந்திக்கு?" என்று கேட்டேன்.

"நல்லா எறங்கியிருக்கு. ஆனா மாத்திரையால எவ்ளோ, சக்கரைய விட்டதால எவ்ளோன்னு சொல்ல முடியாது. ரெண்டயும் ஒண்ணா செஞ்சிட்டோம். சோதனை கெட்டுப்போச்சு மச்சான்" என்றவர், பையிலிருந்த லேபிளை உரித்துக்கொண்டே, "கெட்டுட்டுப் போவுது" என்றார். அந்த மாதிரி சிரிப்பை அவர் முகத்தில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

தை மாதம் கல்யாணம் நடந்தது. பந்தியில் சம்பந்திகள் இருவரும் பாயசத்தை என் இலைக்குத் தள்ளிவிட்டார்கள். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் மாமா ரிடையர் ஆகி, மகள் வீட்டுப் பக்கமே குடிபோய்விட்டார். பஸ்ஸில் அந்த சீட்டில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். நல்ல மனிதர்தான், வாசனைச் சோப்புப் போட்டுக் குளிப்பார். எனக்குத்தான் பிடிக்கவில்லை.

அவ்வப்போது நானும் ஆரம்பிப்பேன். பதினாறு நாளைத் தாண்டியதில்லை. எந்த ஊர் டீக்கடையானாலும் "சக்கர இல்லாம" என்று சொன்னதும் மாஸ்டர் பாவமாகப் பார்த்துக் கேட்பார்: "சாருக்குச் சக்கரயா?"

"இல்லப்பா, மண்டலம்" என்பேன். அவருக்கு ஒன்றும் புரியாது. அந்தப் பெயரைச் சொன்னதிலேயே எனக்கு டீ இனித்துவிடும்.