தின்று பார்த்துப் போட்ட விளம்பரம்

கோழிக்கு முன்னால் கோழித் தீவனத்தைத் தின்று பார்த்த ஒரே பத்திரிகை ஆசிரியர், உலகத்திலேயே எங்கள் தவிட்டண்ணன்தான். இல்லை என்பவர்கள் நாமக்கல்லுக்கு வந்து என்னோடு சண்டை போடலாம்.

முன்பு தீவன ஆலையில் தரம் பார்க்கும் வேலை அவருக்கு. மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். மக்காச்சோளம் பழசு என்பார். மறுநாள் ஆய்வுக்கூட முடிவும் அதையேதான் சொல்லும். வேலையை விட்ட பிறகு ‘பண்ணைக் கடுதாசி’ என்று ஒரு மின்மடல் ஆரம்பித்தார். சந்தா கட்டியவர்களின் போனுக்குத் திங்கட்கிழமை காலையில் வந்துவிடும். வெயிலுக்குக் கோழியை எப்படிக் காப்பது, எந்த மருந்து தண்டம், எல்லாம் அதில் இருக்கும். அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்து ஏற்றுவது என் வேலை.

விளம்பரம் மட்டும் கிடையாது. கேட்டால், “காசு குடுத்துப் படிக்கறவன் ஊட்டுக்குள்ள கடைக்காரனையும் கூட்டிட்டுப் போறதுங்களா?” என்பார்.

அப்போதுதான் முட்டை விலை சரிந்தது. பண்ணைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சந்தாவை நிறுத்தினார்கள். கடுதாசியையே மூட வேண்டிய நிலைமை. அந்தச் சமயம் பார்த்து, மடல் அனுப்பும் தளத்துக்காரர்கள் இனிமேல் விளம்பரமும் போட்டுக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். நான் பிடித்துக்கொண்டேன். நச்சரித்த நச்சரிப்பில் மனிதர் மூன்று வாரம், கடுதாசிக்கு வரி சொல்வதைத் தவிர, என்னோடு வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. நாலாவது வாரம் சம்மதித்தார், ஒரே நிபந்தனையோடு. எதையும் அவர் தின்று பார்த்த பிறகுதான் போட வேண்டும். பார்த்ததை விளம்பரத்துக்கு அடியிலேயே எழுத வேண்டும்.

முதலில் வந்தது கோழிக்குப் பசியெடுக்க வைக்கும் டானிக். ‘குடித்தேன். நன்றாகப் பசிக்கிறது. வீட்டில் இட்லி மாவு தீர்ந்துவிட்டது’ என்று எழுதச் சொன்னார். அடுத்தது, கோழி அலகால் தட்டினால் தண்ணீர் சொட்டும் குழாய். மண்டி போட்டு மூக்கால் தட்டிக் குடித்தார். ‘தண்ணீர் வருகிறது. எனக்குத்தான் கழுத்து பிடித்துக்கொண்டது.’

மூன்றாவதாக ஒரு பெரிய தீவனக் கம்பெனி, வருஷம் முழுக்க விளம்பரம் தருவதாகச் சொன்னது. இனிக் கடுதாசி பிழைத்தது என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். தவிட்டண்ணன் ஒரு பிடி வாயில் போட்டார், துப்பினார். ‘உப்பு தூக்கல். வாங்காமல் பொறுங்கள்’ என்று எழுதச் சொன்னார். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடலாம் அண்ணா என்று கெஞ்சினேன்.

“சாமி, அதத் தின்னு கோழி கழிஞ்சா பண்ணைக்காரன் கம்பெனிய எங்க போயித் தேடுவான்? என்னையத்தான கேப்பான்?”

அவர் சொன்னபடியே அனுப்பிவைத்தேன். மறுநாளே கம்பெனி முதலாளி காரில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, சிவந்த முகம். தவிட்டண்ணன் அவரை உட்கார வைத்து, அவருடைய தீவனத்திலேயே ஒரு பிடி நீட்டினார்.

“ஏனுங்க, நீங்களே ஒரு வாய் போட்டுப் பாருங்க.”

ரோஷத்தில் அந்த மனிதர் போட்டேவிட்டார். மென்றார். பிறகு ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, காரில் ஏறிப் போய்விட்டார். கடுதாசிக்கு அன்றோடு சங்குதான் என்று நினைத்தேன். இரண்டே வாரத்தில் புது மூட்டையோடு திரும்பி வந்தார். அதே விளம்பரம் போனது, அடியில் ‘இப்போது சரி’ என்று. அதற்குள் ‘உப்பு தூக்கல்’ சேதி பண்ணை பண்ணையாகப் பரவி, நின்ற சந்தாக்காரர்கள் எல்லோரும் திரும்பியிருந்தார்கள். விளம்பரத்தைத்தான் முதலில் படிக்கிறோம் என்று அவர்கள் சொன்னபோது, ஏதோ நானே தீவனம் தின்ற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

போன வருஷம் நான் சொந்தமாக முட்டை அடுக்கும் அட்டை செய்யும் தொழில் ஆரம்பித்தேன். கடன் வாங்கிய முதல். அவர் ஒரு வரி குறையாக எழுதினால் ஓர் அட்டைகூட விற்காது. அவரிடமே விளம்பரம் கொடுத்தேன். இப்போது அவரே ஒற்றை விரலால் தட்டச்சு செய்கிறார். பட்டறைக்கு வந்து அட்டையைத் தட்டினார், முகர்ந்தார், கிளம்பிவிட்டார். திங்கட்கிழமை போனைத் திறக்கவே எனக்குப் பயம்.

என் விளம்பரத்துக்கு அடியில் எழுதியிருந்தார்: ‘அட்டை என்பதால் தின்னவில்லை. செய்கிற ஆளை எனக்குத் தெரியும்.’