குடகு மழைக்கு ஒரு ரெயின்கோட்

வேறு மாநிலத்து மழைக்கு இங்கே ரெயின்கோட் போட்டுக்கொண்டு அலையும் ஒரே மனிதர், உலகத்திலேயே எங்கள் அண்ணாமலை நகரில்தான் இருக்கிறார். சத்தியமாகச் சொல்கிறேன். ஆடி வெயில் மண்டையைப் பிளக்கும். ரோட்டில் ஒரு நாய்கூட நடக்காது. மனிதர் கழுத்து வரைக்கும் பொத்தான் போட்ட ரெயின்கோட்டில், வியர்வை சொட்டச் சொட்ட, எங்கள் அத்தாவின், அதாவது அப்பாவின், ஜெராக்ஸ் கடைக்கு வருவார்.

"என்னா சார் இது கோலம்?" என்பார் அத்தா.

"குடகுல பிச்சிக்கிட்டு ஊத்துது பாய்!"

அதே மனிதர் கார்த்திகை அடைமழையில் தொப்பலாக நனைந்துகொண்டு போவார். கேட்டால், "இது லோக்கல் மழை, வுடுங்க" என்பார். அப்படித்தான் குடகு மாமா ஆனார். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்.

வேலை ஆராய்ச்சி. குடகு மலையில் தொடங்கி நம்ம கடற்கரை வரைக்கும் காவிரிக்குத் தண்ணீர் தரும் அத்தனை பூமியிலும் மழை எப்படி மாறுகிறது, அதனால் ஆற்றில் ஓடி வரும் தண்ணீர் காலப்போக்கில் என்ன ஆகிறது என்று பார்ப்பது. அந்த வரைபடங்களை அத்தாதான் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பார். கோடு ஏறும், இறங்கும், மறுபடி ஏறும்.

"முடிவா என்னா சார் சொல்லுது?"

"ஒரு வருஷம் அள்ளிக் குடுக்கும், ஒரு வருஷம் கையை விரிச்சிரும். அந்த ஏத்த எறக்கம் ஜாஸ்தியாயிட்டே போவுது பாய்."

"சரி, இந்த வாரம் தண்ணி வருமா?"

"வாரமெல்லாம் எனக்குத் தெரியாது. முப்பது வருஷத்துக்குக் கேளுங்க, சொல்றேன்."

கடலூரில் ஒரு கூட்டத்துக்கு அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். இவர் முப்பது வருஷத்தை விரித்துப் போட்டு விளக்கி முடித்தார். முன்வரிசை அதிகாரி பாவமாக எழுந்து, "சார், அதுக்குள்ள நான் டிரான்ஸ்ஃபர் ஆயிடுவேன். இந்த வருஷம் எப்படி?" என்றார். மாமா கோபித்துக்கொண்டு, கொடுத்த சமோசாவைக்கூடத் தொடாமல் பஸ் ஏறிவிட்டார். சமோசாவை விட்டுவிட்டு வந்தது மட்டும் ரொம்ப நாள் அவருக்கு வருத்தம்.

ஆராய்ச்சிக்காக ஆற்றங்கரை முழுக்கச் சுற்றியவர், போன இடமெல்லாம் டீ குடித்து, கடைக்காரரோடு சிநேகமாகி, நம்பர் வாங்கி வைத்திருந்தார். அவர் ஃபோனில் சொந்தக்காரர்களைவிட டீக்கடைக்காரர்கள்தான் ஜாஸ்தி.

இப்படிப்பட்டவர் பக்கத்தில் இருந்தும் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். தங்கச்சி நிக்காஹை ஆடியில் வைத்தோம். ஆடியில் மற்றவர்கள் கல்யாணம் வைக்க மாட்டார்கள், சிதம்பரத்து மண்டபமெல்லாம் காலி, நமக்கென்ன என்று அத்தாவுக்குச் சந்தோஷம். ஆற்றில் புதுத்தண்ணி வருகிறதென்று ஊரே கரைக்குப் போய்ப் படையல் போடுகிற மாசம் அது என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. மாப்பிள்ளை வீடோ, காவிரி வெள்ளம் வந்து பாயும் கொள்ளிடத்துக்கு நடுவே இருக்கிற திட்டு கிராமம். அங்கிருந்து வெளியே வர ஒரே ஒரு தரைப்பாலம். மாப்பிள்ளை அடுத்த வாரம் துபாய்க்குத் திரும்பியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் நடக்காவிட்டால் அடுத்த லீவு ரெண்டு வருஷம் கழித்துத்தான்.

சனிக்கிழமை காலை. வெயில் பளீரென்று அடிக்கிறது. ரெயின்கோட் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தது.

"பாய், மாப்பிள்ளை வீட்டுக்காரங்கள இன்னைக்கே இக்கரைக்கு வரச் சொல்லுங்க! மேட்டூர் ரொம்பித் தொறந்து வுட்டாச்சு. திருச்சி பக்கம் முக்கொம்புல நம்ம டீக்கடைக்காரரு கடையையே மேட்டுக்குத் தூக்கிட்டாரு!"

அத்தா உடனே சம்பந்தியை ஃபோனில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் சம்பந்தி சிரித்தார். "வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல மச்சான். எங்கேர்ந்து தண்ணி வரும்? நாளைக்கு ஜம்முனு வர்றோம்."

மாமா ஃபோனைப் பிடுங்கினார். "ஐயா, கடந்த முப்பது வருஷ சராசரிய எடுத்துக்கிட்டா..."

"யா அல்லாஹ்! சராசரிய வுடுங்க சார்!" என்று அம்மா கத்தினார். தங்கச்சி மருதாணிக் கையோடு சுவரில் சாய்ந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

மாமா அவளைப் பார்த்தார். சராசரியை அப்படியே விட்டுவிட்டு, தன் ஃபோனில், திட்டுக்கு மேலே ஆற்றோரம் இருக்கும் அணைக்கரை டீக்கடையைப் பிடித்து, விஷயத்தைச் சொல்லி, அத்தாவின் ஃபோன் பக்கத்தில் வைத்தார்.

"யாரு, திட்டு பாயா?" என்றது அணைக்கரை. "நான் டீக்கடை பேசறேன். என் கடை பெஞ்சு மெதக்குது. நீங்க மேகத்தையே பாத்துட்டு இருங்க!"

அத்தாவின் ஃபோனில் சம்பந்தியின் குரல், "ஏய், வண்டிய எடுங்கடா!"

சாயந்திரத்துக்குள் ரெண்டு லோடு வேனில் மாப்பிள்ளை, உறவுக்காரர்கள், பிரியாணிக்கு வாங்கிய ஆடுகள் எல்லாரும் வந்து இறங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியும்போது தரைப்பாலம் இருந்த இடத்தில் சுழித்து ஓடும் தண்ணீர்தான் இருந்தது. வானத்தில் அப்போதும் ஒரு மேகம் இல்லை.

நிக்காஹ் முடிந்து ஹஜரத் துஆ ஓத, எல்லாரும் ஆமீன் சொன்னோம். அப்பாடா! அம்மா விட்ட பெருமூச்சு ஆண்கள் பக்கம் வரைக்கும் கேட்டது. தண்ணீர் வடியும் வரைக்கும் சம்பந்தி வீட்டார் மொத்தமும் எங்கள் வீட்டில்தான். மாப்பிள்ளை இங்கிருந்தே சென்னைக்குப் போய் விமானம் ஏறினார். அவர் போன பிறகும் சம்பந்தி, "தண்ணி இன்னும் வடியல போலருக்கே மச்சான்" என்று தினமும் ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிரியாணி முடிந்து மாமா கை கழுவும்போது கேட்டேன். "ஒரு வாரம்கூடத் தெரியாதுன்னு சொல்வீங்களே மாமா?"

"இப்பவும் தெரியாதுதான் தம்பி," என்றார். "என் முப்பது வருஷக் கணக்குல ஒன் தங்கச்சி எங்கயும் இல்ல. அதான் டீக்கடையில கேட்டேன்."

இன்றைக்கும் உச்சி வெயிலில் அந்த ரெயின்கோட் தெருவில் இறங்கினால், நாங்கள் யாரும் சிரிப்பதில்லை. அம்மா மாடிக்கு ஓடிப் போய் காயப்போட்ட துணியை எடுத்து வந்துவிடுகிறார்.