காரைத் திருப்பி அனுப்பவும்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம், முழங்கால்கள் தவிர. அங்கும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் நேராக விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதம் சைக்கிளிலேயே குடும்பம் நடத்திப் பார்ப்போம், முடியாவிட்டால் காரைத் திரும்ப வாங்கிக்கொள்வோம், முடிந்தால் அது அண்ணனுக்கே என்று சொல்லி உங்கள் தங்கை காரை உங்களிடம் ஒப்படைத்தாள் அல்லவா? வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு கெடு முடிகிறது. என்னால் முடியவில்லை மச்சான். காரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கற்றுக்கொள்கிறவர் தடுமாறும்போதெல்லாம் என் காலடியில் இருக்கும் பிரேக்கை மிதித்து மிதித்து வலது காலுக்கு அதுவே பழகிப்போய்விட்டது. சைக்கிளில் போகும்போதும் குறுக்கே யாராவது வந்தால் கை சும்மா இருக்கிறது, கால்தான் ஓங்கி மிதிக்கிறது. மிதித்தால் சைக்கிள் நிற்குமா, இன்னும் வேகமாகப் போகிறது. இப்படித்தான் முதல் வாரமே தையல் கடைக்குள் புகுந்து, சட்டைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தவரையும் தள்ளிக்கொண்டு விழுந்தேன். மறுநாள் அதே மனிதர் எங்கள் பயிற்சிப் பள்ளியில் சேர வந்து நிற்கிறார். என்னைப் பார்த்ததும், "சார், வேற ஆள் இல்லையா?" என்று முதலாளியைக் கேட்டார். "இவர்தாங்க எங்க சீனியர்" என்றார் முதலாளி. "அதான் சைக்கிள்ல வர்றாரா?" என்று கேட்டுவிட்டுப் போனவர் போனவர்தான்.

குடும்பமாகக் கிளம்பினால் அது வேறு கூத்து. உங்கள் தங்கை முன்னால், நடுவில் மகள், கடைசியில் நான், என் கேரியரில் சின்னவன். வாய் சும்மா இருக்காமல், "ஓரமா போ, இண்டிகேட்டர் போடு" என்று பின்னாலிருந்து கத்துவேன். "ஏங்க, சைக்கிளுக்கு ஏதுங்க இண்டிகேட்டர்? பேசுற மூச்சை மிதிக்க வச்சுக்கோங்க" என்பாள். போன வாரம் மெத்தை வாங்கி, ஒரு முனை அவள் கேரியரிலும் மறுமுனை என் கேரியரிலுமாகத் தள்ளிக்கொண்டு வந்தோம். அவள் திரும்பினாள், நான் நேராகப் போனேன், மெத்தை நடுரோட்டில் விழுந்தது. நான்கு பக்கமும் ஹாரன் அடிக்க, கூட நடந்து வந்த சின்னவன் அதில் ஏறிப் படுத்துக்கொண்டான். மானம் கப்பலேறியது மச்சான். ஞாயிற்றுக்கிழமை காரோடு வாருங்கள்.

நீங்கள் தொட்டது துலங்கட்டும், பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையிடம் சொல்லாமல் இதை எழுதும்,
தங்கையின் கணவன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடக் கிளம்பினேன். "நானும் வர்றேம்பா" என்று மகளும் சைக்கிளை எடுத்தாள். இத்தனை வருஷமும் அவள் காரில் பின் சீட்டு. கண்ணாடியில் பாதி நெற்றிதான் தெரியும், எது கேட்டாலும் "ம்" என்பாள். இன்று பக்கத்திலேயே வந்தவள், இந்த வருஷம் பூராவும் வகுப்பில் யாரும் தன்னோடு சாப்பிட உட்காருவதில்லை என்று சொன்னாள். "ஏம்மா அப்பாகிட்ட சொல்லல?" என்றேன். "கார்ல நீங்க ரோட்டுல போற எல்லாருக்கும் ஓட்டச் சொல்லிக் குடுத்துட்டே வருவீங்க. எப்பப்பா சொல்றது?" என்றாள். தபால் பெட்டியைத் தாண்டி நாலு தெரு போய்விட்டு, கடிதத்தைப் போடாமலேயே திரும்பி வந்திருக்கிறேன். கார் உங்களிடமே இருக்கட்டும் மச்சான். மேலே உள்ளதைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒழுங்காக வேறு கடிதம் எழுதலாம், ஆனால் நேரமில்லை. மறுபடியும் தபால் பெட்டிக்குப் போகலாம் என்று அவள் வாசலில் சைக்கிளோடு நிற்கிறாள்.