எனக்கு முன்னால் திருப்பதி போன என் கண்

நாகலாபுரம்,
ஞாயிறு.

குப்பத்தில் இருக்கும் என் மைத்துனன் சிரஞ்சீவிக்கு உன் அக்காள் புருஷன் தணிகாசலம் எழுதுவது. உன் பெயரை எழுதினாலே ஆசீர்வாதமும் சேர்ந்துவிடுகிறது, அதனால் அதைத் தனியாக எழுதவில்லை. நாங்கள் இருவரும் சுகம். நீயும் பெண்டாட்டி பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை சத்தியவேட்டுக்கு ஒரு வேன் வந்தது. சர்க்கரை நோய்க்காரர்களின் கண்ணை உள்ளே வரைக்கும் போட்டோ எடுக்கிற வேன். எனக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருஷம், உன் அக்காவுக்கு நாலு வருஷம். நான் முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் கண்டக்டர், தூரத்தில் வரும் வண்டி எந்த ஊருக்கென்று இன்றைக்கும் சொல்வேன், எனக்கெதற்கு இதெல்லாம் என்றேன். உன் அக்கா கேட்கவில்லை. அங்கே கன்னிகா என்று ஒரு பெண், கையில் டார்ச் மாதிரி ஒரு கேமரா. கண்பாவை சின்னதாக இருக்கிறதென்று சொட்டு மருந்து விட்டு, அரை மணி உட்காரவைத்து, படம் எடுத்தாள். எடுத்ததை டாக்டரிடம் காட்டுவாள் என்று பார்த்தால், கம்ப்யூட்டரே ஒரு நிமிஷத்தில் படித்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. உன் அக்கா பாஸ். நான் ஃபெயில்.

கண் கூசியதால் கன்னிகா திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். மச்சான், என்னவென்று சொல்வேன்! ஆரஞ்சு நிறத்தில் ஒரு முழுநிலா. அதில் சிவப்புச் சிவப்பாக ஆறுகள் ஓடுகின்றன. அறுபத்திரண்டு வருஷமாக இப்படி ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டா பஸ்ஸில் டிக்கெட் கிழித்தேன் என்று மெய்ம்மறந்து நின்றேன். அந்தப் பெண் ஓர் ஆற்றங்கரையில் விரலை வைத்து, "இங்க பாரு மாமா, ரத்தம் கசியுது. திருப்பதிக்குப் போயி லேசர் வெச்சிக்கணும்" என்றாள்.

"எனக்கு எல்லாம் நல்லாத்தாம்மா தெரியுது!"

"நல்லா தெரியறப்பவே கண்டுபுடிக்கத்தான் மாமா இந்த மிஷினு. தெரியாம போனப்புறம் வந்தா நாங்க இன்னா பண்றது?"

மிஷின் ஆளைப் பார்த்து ஃபெயில் போடுகிறது என்று சண்டை போட்டுவிட்டு, திருப்பதி ஆஸ்பத்திரிக்குச் சீட்டு வாங்க உன் அக்காவை விட்டுவிட்டு, நான் மட்டும் வெளியே நடந்தேன். சொட்டு மருந்து இறங்க நாலு மணி நேரம் ஆகும், தனியாகப் போகாதே என்று கன்னிகா சொன்னது காதில் ஏறவில்லை. வெளியே வந்தால் சத்தியவேடு கடைத்தெருவையே காணோம். எலுமிச்சம்பழக் குவியல் விளக்குக் குவியலாக எரிகிறது. மாடு ஒன்று வெள்ளை மேகமாக மிதந்து போகிறது. முகமில்லாத ஜனங்கள் ஒளியில் கரைந்து கரைந்து வருகிறார்கள். சொர்க்கத்துக்கு இவ்வளவு சீக்கிரம் டிக்கெட் கிடைத்துவிட்டதே என்று, அந்த ஒளியிலேயே நாகலாபுரம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, ஏரிகளெல்லாம் வெள்ளியாக உருகுவதைப் பார்த்துக்கொண்டே போனேன். கண்டக்டர் பையன் வந்து, "யோவ் பெருசு, போர்டு பாத்து ஏற மாட்டியா? இது வரதய்யபாளையம் போய்க்கினு இருக்குது" என்றான். எத்தனை ஆயிரம் பேரிடம் நான் சொன்ன வசனம்!

வரதய்யபாளையத்தில் இறங்கினால் பச்சைப் புடவையில் உன் அக்கா நிற்கிறாள். "நீ எப்படி எனக்கு முன்னால வந்துட்ட? சீட்டு எங்கடி?" என்று தோளைத் தொட்டேன். "எவரண்டீ மீரு?" என்று, யார் நீ எனத் தெலுங்கில் ஒரு கத்தல். உன் அக்கா இல்லை, யாரோ ஒரு அம்மாள். ஊரே கூடிவிட்டது. செல்போனை எடுத்தால் அதிலும் வெறும் வெளிச்சம். கையெடுத்துக் கும்பிட்டு, "கண்ணு தெரியலைம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எனக்கே கேட்டது. மச்சான், இது நாலு மணி நேரத்து மங்கல். இதுவே நாளைக்கும், அதற்கு மறுநாளும் இருந்தால்? அந்த அம்மாள் என்ன நினைத்தாளோ, என்னை நிழலில் உட்காரவைத்து, சோடா வாங்கிக் கொடுத்து, உன் அக்காவுக்கு அவளே போன் போட்டாள். உன் அக்கா ஆட்டோவில் வந்து இறங்கி, ஒரு வார்த்தை திட்டாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுதான் எனக்கு ரொம்பப் பயமாகப் போயிற்று.

வெள்ளிக்கிழமை திருப்பதி கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரின் மேஜையில் என் நிலா எனக்காகக் காத்திருக்கிறது! வேனிலிருந்து அப்போதே அனுப்பிவிட்டார்களாம். நான் வரதய்யபாளையம் போய்க்கொண்டிருந்த நேரத்தில் என் கண் எனக்கு முன்னால் திருப்பதி போய்ச் சேர்ந்திருக்கிறது. "ஆரம்பத்திலேயே வந்துட்டீங்க, பார்வையைக் காப்பாத்திடலாம். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா என்னால இப்படிச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். வருகிற வியாழன் லேசர். கண்ணுக்குள் பச்சை வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடிக்குமாம், அவ்வளவுதான். எனக்குத் துளிப் பயம் கிடையாது. நீ வேலையைக் கெடுத்துக்கொண்டு வரவேண்டாம்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உன் வீட்டில் எல்லோரும் நூறாண்டு கண்குளிர வாழ வேண்டும்.

உன் மாமா,
தணிகாசலம்

பி.கு.: துளிப் பயம் கிடையாது என்று எழுதியதை உன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். இப்போது அடுப்படிக்குப் போய்விட்டாள். புதன்கிழமையே ரயில் ஏறி வந்துவிடு. எனக்குத் துணைக்கு மட்டுமல்ல. உனக்கும் சர்க்கரை வந்து ஆறு வருஷமாகிறது, வியாழக்கிழமைக்கு உன் பெயரையும் ஆஸ்பத்திரியில் எழுதிவைத்துவிட்டேன். திரும்பும்போது நம் இருவர் கையையும் பிடித்து உன் அக்காதான் ரோட்டைக் கடக்கவைக்க வேண்டும்.