கொப்பரைக்குள் மாமனார்

எனக்குப் பொறாமை கொஞ்சம் அதிகம். எதிர்வீட்டுக்காரர் பைக்குக்குப் புது சீட் கவர் போட்டால்கூட எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவனுக்கு மச்சினனே தொழில் போட்டியாக வாய்த்தால் கேட்க வேண்டுமா?

நானும் என் மனைவியின் தம்பி இசக்கியும் தென்காசியில், மாமனார் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் சிலை செய்கிறவர்கள். (வீட்டோடு மாப்பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேதான் நெட் வேகம்.) இந்தச் சிலை முதலில் மொழுக்கென்று களிமண் பொம்மை மாதிரி இருக்கும். கல், பாசி, தோல் என்று நிஜப் பொருட்களைப் படம் எடுத்து அதன்மேல் போர்த்த வேண்டும். அதற்குப் பெயர் டெக்ஸ்சர்.

எமலோகத்தைப் பற்றிய பழைய நூல்களை வைத்துச் சென்னைக் கம்பெனி ஒன்று வீடியோ கேம் தயாரித்தது. சொர்க்கத்துச் சிலைகள் இசக்கிக்கு, நரகம் எனக்கு. யாருடைய வேலை பிடிக்கிறதோ அவருக்கு மாதச் சம்பளத்தோடு நிரந்தர வேலை.

பயல் ஐந்தருவிக்குப் போய் ஈரப் பாறையைப் படம் எடுத்து வந்து தேவகன்னிகைமேல் போர்த்தினான். அத்தை வாய்பிளந்து நின்றார். "எம்புள்ள கைபட்டா கல்லும் மினுங்குது!" என் திரையைப் பார்த்ததும், "வெளக்கு வைக்கிற நேரத்துல இதெல்லாம் எதுக்கு மாப்ளே?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விடுவேனா? நான் செய்ய வேண்டியது எண்ணெய்க் கொப்பரையில் வேகும் பாவிகள். எண்ணெயில் ஊறிய தோல் வேண்டும். குளிப்பதற்கு முன் உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் குற்றாலத்தில் அதற்கா பஞ்சம்? ஆனால் முன்பின் தெரியாதவர் தொப்பையைப் படம் எடுத்தால் அடி விழும். ஆகவே மாமாவை அழைத்துப்போனேன். ஐந்தருவிப் பக்கம் எண்ணெய் தேய்க்கும் பலகையில் பளபளவென்று படுத்திருந்தவரை போனோடு சுற்றிச் சுற்றி வந்தேன்.

"மாமா, கொஞ்சம் மூச்ச அடக்குங்க."

"எதுக்கு மாப்ளே?"

"செலை செய்யத்தான்."

மாமாவுக்குப் பூரிப்பு. அடுத்த பலகைக்காரரிடம், "எம் மருமவன் எனக்குச் செலை வைக்காரு" என்றார்.

மாடியில் படங்களைப் பார்த்த இசக்கி மனசாரப் பாராட்டினான். (அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.) "அத்தான், அருமையா இருக்கு. அப்பா வயித்துல அந்த அப்பெண்டிக்ஸ் தழும்ப மட்டும் அழிச்சிருங்க. இல்லன்னா இந்தத் தோலப் போர்த்துற எல்லாச் செலையிலயும் தெரியும்."

எங்கள் தொழிலில் இது பாலபாடம். எனக்கும் தெரியும். ஆனால் அவன் சொல்லி நான் செய்வதா?

"நீ ஒஞ்சொர்க்கத்தப் பாருலே" என்றேன்.

கம்பெனிக்காரர்களுக்குக் காட்டும் நாள் வந்தது. வீடியோ காலை ஹால் டிவியில் போட்டோம். மாமா சலவைச் சட்டையோடு முன்னால் உட்கார்ந்தார். சொர்க்கம் வந்தது, எல்லோரும் சொக்கினார்கள். அடுத்து என் கொப்பரை. வரிசை வரிசையாகப் பாவிகள். அத்தனை பேருக்கும் ஒரே தொப்பை, ஒரே இடத்தில் ஒரே தழும்பு.

"ஏங்க, இது உங்க வயிறுல்லா?" என்ற அத்தை, கொப்பரையில் நான் செதுக்கியிருந்த பாவத்தின் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். 'பிறர்மனை நயந்தோர்.'

அத்தை மாமாவின் பக்கம் திரும்பினார்.

"எவ அவ?"

"ஏட்டி, நான் எண்ண தேய்க்கத்தாம்ட்டி படுத்தேன்!"

"எங்கன படுத்தீரு? தேச்சது யாரு?"

பதறிப்போய் மைக்கை அணைக்கத் தேடினேன். கைபட்டு மாமாவின் தொப்பை பெரிதாகி டிவி முழுக்க நின்று, மெல்லச் சுழல ஆரம்பித்தது. தழும்பு போய்ப் போய்த் திரும்பி வந்தது. கம்பெனி அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "தோல் பிரமாதம் சார். ஆனா இத்தனை பாவிகளுக்கும் ஒரே டாக்டர்தான் ஆபரேஷன் பண்ணாரா?"

வேலை இசக்கிக்குப் போனது. இன்றைக்கும் அடுப்பில் எண்ணெய் காய்ந்தால் மாமா எட்டிப் பார்த்து, "ஏட்டி, மாப்ளய அந்தப் பக்கம் விட்டுராத" என்பார்.

அதுகூடப் பரவாயில்லை. இசக்கிக்குக் கம்பெனி கொடுத்த முதல் சிலை, பொறாமை பிடித்த பாவி. ஒருநாள் போனை நீட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான்.

"அத்தான், மொதச் சம்பளம் வந்துட்டு."

நிமிர்ந்து பார்த்தேன். படம் எடுத்துவிட்டான்.

அந்த முகபாவத்தைக் கண்டு கம்பெனியே அசந்துபோனதாம். இப்போதெல்லாம் வீட்டில் யாராவது நல்ல சேதி சொன்னால் போதும், "ஏலே இசக்கி, ஓடியா, அத்தான் மூஞ்சி மாறுது!" என்று என் மனைவி குரல் கொடுக்கிறாள்.

சிலையை நானும் பார்த்தேன். என் கன்னத்தில் இருக்கும் மருவைத் தடமே தெரியாமல் அழித்திருந்தான். எனக்கு அவ்வளவு சுத்தமாக அழிக்க வராது. பாவிப்பயல்!