மூன்று கோட்டும் ஐம்பத்திரண்டு கிலோவும்

பாளையங்கோட்டை,
திங்கட்கிழமை.

அன்பும் அதற்கேற்ற உடம்பும் வாய்த்த என் மச்சான் ஜேசுதாசன் அவர்களுக்கு, உங்கள் தங்கை சாரம்மாளின் கணவன் சத்தியநேசன் எழுதிக்கொண்டது. கர்த்தருடைய கிருபையால் இங்கே வீடு, கிணறு, வாசல் வேம்பு எல்லாம் சுகம். சாரம்மாளும் சுகம். பாக்கி இருப்பது நான் ஒருவன்தான். அம்பாசமுத்திரத்தில் நீங்களும் மதினியும் நலம் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனை எடுத்தால் உங்கள் தங்கை ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறாள். விஷயமோ அவளையும் என் கோட்டுகளையும் பற்றியது.

மகள் ஜெமிமா கல்யாணத்துக்கு மேலப்பாளையம் மீரா முகைதீன் எனக்குத் தைத்துக் கொடுத்த மூன்று கோட்டுகளும் உங்களுக்கு நினைவிருக்கும். பந்தியில் மாப்பிள்ளையைவிட அவற்றைத்தான் அதிகம் பேர் விசாரித்தார்கள். அப்போது நான் எண்பத்தெட்டு கிலோ. "இன்னும் பெருத்தாலும் கவலை இல்ல அண்ணாச்சி, உள்ள ரெண்டு விரக்கடை துணி மடிச்சு விட்டிருக்கேன், பிரிச்சுக்கிடலாம்" என்றார் அவர். வயிற்றில் ஆபரேஷன் ஆன பிறகு இப்போது ஐம்பத்திரண்டு. இரண்டு மாதத்துக்கு முன் டாக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, மேஜையில் கிடந்த பேனாக்களை எல்லாம் வரிசையாக அடுக்கினார். அடுக்கி முடித்து, "பிடிச்சதச் சாப்பிடுங்க" என்றார். முப்பத்தொரு வருஷம் கோர்ட்டில் குமாஸ்தாவாக உட்கார்ந்து தீர்ப்பு கேட்டவனுக்கு இது விளங்காதா? உங்கள் தங்கைக்கு வேறு மாதிரி விளங்கிவிட்டது. அன்றிலிருந்து ஆட்டுக்கால் சூப்பு, முட்டை, நெய்ச்சோறு என்று சமைத்துக்கொண்டே இருக்கிறாள், நான் வாந்தி எடுத்துக்கொண்டே இருக்கிறேன்.

கோட்டைச் சின்னதாக்கலாம் என்றால் மட்டும் சண்டைக்கு வருகிறாள். "ரெண்டே மாசத்துல பழையபடி ஆயிருவீய. வெட்டுன துணிய அப்புறம் எங்க போய்த் தேடுதது?" என்கிறாள். போன ஞாயிறு கறுப்புக் கோட்டின் முதுகில் வரிசையாக ஊக்குக் குத்தி என்னைக் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். முழங்காலில் நின்றபோது ஒரு ஊக்கு அவிழ்ந்து முதுகில் ஏறியது. "ஐயோ ஆண்டவரே!" என்று கத்திவிட்டேன். ஆராதனை முடிந்ததும் குருவானவர் என் கையைப் பிடித்து, இந்த வைராக்கியம் வாலிபரிடத்தில் இல்லையே என்று வருத்தப்பட்டார்.

நம்மில் செத்தவரைப் பெட்டியில் வைக்கும்போது கோட்டுப் போட்டுத்தானே வைக்கிறோம். எபனேசர் சித்தப்பா அடக்கத்துக்கு நீங்களும் வந்திருந்தீர்கள். ஆள் கரைந்துபோய், கழுத்துக்கும் காலருக்கும் நடுவே ஒரு கை போகிற மாதிரிக் கிடந்தார். எனக்குப் பின்னால் நின்ற அம்மாள் ஒருத்தி, "யார்ட்ட இரவல் வாங்குனாவளோ" என்றாள். நான் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தேன் மச்சான். அந்தப் பாவம் இப்போது என்னைச் சும்மா விடவில்லை. சாகப் பயமில்லை என்று நான் சொல்லமாட்டேன், பயம் இருக்கிறது. ஆனால் இரவல் கோட்டுக்காரனாகப் படுத்துக் கிடக்க அதைவிட வெட்கமாக இருக்கிறது.

அதனால் உங்கள் தங்கைக்குத் தெரியாமல் நீலக் கோட்டைப் பையில் திணித்துக்கொண்டு டவுன் பஸ் ஏறி மேலப்பாளையம் போனேன். மீரா முகைதீன் டேப்பை என்னைச் சுற்றிப் போட்டார். எப்போதும் அளவைச் சத்தமாகச் சொல்லுகிறவர், அன்று துண்டுக் காகிதத்தில் மட்டும் குறித்துக்கொண்டார். பதினைந்து நாள் கழித்துக் கோட்டை வாங்கி வந்து மாட்டினால், அதே தொளதொளப்பு, தேய்த்து மட்டும் வைத்திருக்கிறார். திரும்பப் போய்ச் சத்தம் போட்டேன். "அலமாரியில நீலக் கோட்டக் காணோம்னு உங்க வீட்டு மதினி போன் பண்ணி அழுதாவ அண்ணாச்சி. கத்தரி போட்டுராதீய பாய்னு சொன்னாவ. நான் யார் பேச்சக் கேக்க?" என்று அவரும் கண்ணைத் துடைக்கிறார். என் கோட்டுக்கு என்னைத் தவிர எல்லோரும் எஜமான்.

போகட்டும், யாருக்காவது உதவட்டும் என்று சாம்பல் கோட்டை அடுத்த தெரு கொம்பையாவுக்குக் கொடுத்தேன். அளவெடுத்துத் தைத்ததுபோல அவருக்கு இருந்தது. அவர் அதைப் போட்டுக்கொண்டு மார்க்கெட் பஸ் ஸ்டாப்பில் நின்றிருக்கிறார். காய்கறிப் பையோடு வந்த உங்கள் தங்கை பின்னாலிருந்து பார்த்தாள். அவள் பார்த்தது என் முதுகை, எண்பத்தெட்டு கிலோ முதுகை. ஓடிப்போய்க் கையைப் பிடித்து, "எப்ப இப்படித் தேறுனீய?" என்று கேட்டிருக்கிறாள். "அக்கா, நான் கொம்பையால்லா" என்றாராம் மனுஷன். பாவம், அங்கனயே கோட்டைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். அவள் வீட்டுக்கு வந்து கோட்டை நாற்காலியில் மாட்டி, அதுக்கு எதிர்த்தாப்புல சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். அன்னைக்குத்தான் முதல் தடவையா சமைக்கல.

ஆகவே என் வேண்டுகோள். என் பழைய அளவு இந்தச் சொந்தத்தில் உங்களுக்கு மட்டும்தான் இருக்கிறது. அடுத்த வாரம் வந்து மூன்று கோட்டையும் கொண்டு போய்விடுங்கள். அம்பாசமுத்திரத்தில் எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், பாளைக்கு மட்டும் போட்டுக்கொண்டு வரவேண்டாம். அவை வீட்டை விட்டுப் போனால்தான் அவள் மனம் தேறி, எனக்கென்று சின்னதாக ஒன்று தைக்கச் சம்மதிப்பாள். உங்கள் வயலும் வயிறும் குறைவுபடாமல் ஆண்டவர் காப்பாராக. மதினிக்கு என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள,
சத்தியநேசன்.

பி.கு. (வியாழன்): ஸ்டாம்பு இல்லாததால் இந்தக் கடிதத்தை வேதப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்தேன். உங்கள் தங்கை தினமும் திறக்கிற புத்தகம் அது ஒன்றுதான் என்பது எனக்கு மறந்துபோனது. படித்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் கண்ணயர்ந்தபோது டேப் வைத்து அளவெடுத்து, கறுப்புக் கோட்டைத் தானே மேலப்பாளையத்துக்குக் கொண்டுபோய், "உள்ள மடிச்சு விட வேண்டாம் பாய், மிச்சத்த வெட்டிருங்க" என்று சொல்லியிருக்கிறாள். இன்று போட்டுப் பார்த்தேன். அச்சாகப் பொருந்துகிறது. பொத்தானைப் போட்டுவிட்டு, தோளைத் தடவிவிட்டு, "நல்லாருக்கு" என்றாள்.

நான் கெஞ்சிக் கேட்டது இதுதான் மச்சான். கிடைச்சதும் அத உடனே கழட்டி வச்சிட்டேன். அவ நம்பிக்கிட்டிருந்த வரைக்கும் நானும் அந்த நம்பிக்கையிலதான் இருந்திருக்கேன், அது எனக்கே தெரியல. நீங்க கோட்டுக்காக வரவேண்டாம். வந்தா நல்ல ஆட்டுக்காலா நாலு வாங்கிட்டு வாங்க. இன்னைக்கு மத்தியானம் நானே கேட்டு ரெண்டாந்தடவ சோறு வாங்கிச் சாப்பிட்டேன், இதுவரைக்கும் வயித்துலதான் நிக்குது. இந்தக் கோட்டு எனக்குப் பத்தாமப் போகணும்.