பாக்கியம் அக்காவின் அம்மிக் குழவி

“...அதெல்லாம் இருக்கட்டும் சாமி, மணிய விடாம அடிச்சது யாருன்னு மட்டும் சொல்லுங்க. நான் ஒன்னும் செய்ய மாட்டேன்” என்றார் பாக்கியம் அக்கா. பேராயருக்கு எதிரே நின்று அவர் இதைச் சொன்னபோது கையில் ஓர் அம்மிக் குழவி இருந்தது. அதில் பாதி அரைபட்ட தேங்காய்ச் சம்பல் ஒட்டியிருந்தது.

நான் போதகரையாவின் அங்கிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். (ஒளிந்திருந்தேன் என்று எழுதினால் மரியாதையாக இராது.)

சந்தோஷம் வந்தால் சிலருக்குக் கண் கலங்கும். எனக்குக் கை நிற்காது. அன்று நமுனுகுல மலைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் புதிய தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டும் நாள். மழை பெய்தால் பிரசங்கமே காதில் விழாத தகரக் கொட்டகையில் இத்தனை காலம் ஆராதனை செய்தவர்கள் நாங்கள். ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம்; அதுதான் மணி. அதை அடிப்பவன் நான்.

மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் மழைக்காலத்தில் யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. அதனால் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் எல்லோரும் கூடி முடிவெடுத்திருந்தோம்: மணி விட்டு விட்டு ஒலித்தால் ஆராதனை. விடாமல் ஒலித்தால் மண் சரிகிறது, கையில் இருப்பதோடு பள்ளிக்கூட மைதானத்துக்கு ஓட வேண்டும். இந்த யோசனையைச் சொன்னதே நான்தான். கைகூடத் தட்டினார்கள்.

பேராயரின் வேன் கீழ் வளைவில் தெரிந்ததும் அந்தப் புத்திசாலி எங்கே போனான் என்று தெரியவில்லை. அடித்தேன். தோள் கழன்றுவிடும்போல் அடித்தேன். லயத்திலிருந்து ஜனங்கள் ஓடுவது தெரிந்தது. என்ன பக்தி என்று பூரித்துப்போய் இன்னும் வேகமாக அடித்தேன். அவர்கள் எதிர்த்திசையில் ஓடுகிறார்கள் என்பது சற்றுத் தாமதமாகத்தான் புலப்பட்டது.

கோழியோடு ஒருவர், டிவியோடு ஒருவர், பாதிச் சவரத்தோடு எங்கள் பாடகர் குழுத் தலைவர். பேராயருக்குப் போட வைத்திருந்த மாலையோடு என் மனைவி.

வேனிலிருந்து இறங்கிய பேராயர், “சபையார் எங்கே?” என்று கேட்டார். போதகரையா மலைமேல் இருந்த மைதானத்தைக் காட்டினார்.

விஷயம் தெரிந்து எல்லோரும் இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தவர் பாக்கியம் அக்கா. அடுத்த லயத்துக்காரர், அம்மன் கோயில் குழுவின் தலைவி. எங்கள் கட்டடத்துக்கு மணலும் கல்லும் வர கோயில் காணியைத் தவிர வேறு பாதை கிடையாது. அக்கா மனசு வைத்துத்தான் அதைத் திறந்துவிட்டிருந்தார். அக்கா வேண்டாம் என்றால் அடிக்கல்லோடு எங்கள் தேவாலயம் முடிந்தது.

அங்கியின் மறைவைவிட்டு வெளியே வந்தேன்.

“நான்தாங்க அக்கா. சந்தோஷத்துல அடிச்சிட்டேன்.”

“சந்தோஷத்துலயா? அப்ப நீ துக்கத்துல அடிச்சா நாங்க பதுளை டவுனுக்கே ஓடணும் போல.”

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

“எங்க வீட்டு மனுசன் மாத்திரையக்கூட எடுக்காம ஓடுனாரு தம்பி. நான் அரைச்ச குழவியோடயே ஓடுனேன், பாரு.”

போதகரையா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அவரைக் கையமர்த்திவிட்டுக் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“ஒரு ஆளு விடாம எல்லாரும் ஓடுனாங்கல்ல?”

“ஆமாங்க அக்கா.”

“அப்ப மணி நல்லாத்தான் வேலை செய்யுது. அடிக்கிற ஆளுதான் சரியில்ல.”

இன்றும் நான் வீட்டில் கொஞ்சம் உரக்கச் சிரித்தால் போதும், “பிள்ளைகளா, செருப்பப் போடுங்க, அப்பாவுக்குச் சந்தோஷம் வந்திருச்சு” என்பாள் மனைவி. பாக்கியம் அக்காவோ சம்பல் அரைக்க எங்கள் வீட்டு அம்மிக்குத்தான் வருகிறார். மறுப்பு சொல்ல எனக்கு வாயில்லை. காரணம், அன்று அவர் அடுத்துக் கேட்ட கேள்வி.

அடிக்கல் குழிக்குள் சபையார் ஒவ்வொருவரும் தம் வாசலிலிருந்து கொண்டுவந்த கல்லை வைப்பதாக ஏற்பாடு. கொண்டுவந்த கற்கள் ஓரமாகக் குவிந்து கிடந்தன.

“வீட்டுக்கு ஒரு கல்லாமே. வேற வீட்டுக் கல்லு ஆகாதா?” என்றார் அக்கா.

“தாராளமா வைக்கலாம்மா” என்றார் பேராயர்.

அக்கா முந்தானையால் சம்பலைத் துடைத்தார். குழிக்குள் இறங்கி, குழவியை மெல்லப் படுக்க வைத்து, உருளாமல் இரண்டு பக்கமும் மண் அணைத்தார்.